அறையை இடித்துக் கதவு வைத்தோம்

போன மாதம் மாடி வீட்டை வாடகைக்குக் காட்ட ஒரு தரகர் வந்திருந்தார். இந்தத் தெருவில் இருபது வருடமாகத் தொழில் செய்கிறவர். படியிறங்கிப் போகும்போது எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி ஒரு ரூம் இருந்துச்சே மேடம், அது எங்க போச்சு?" என்று கேட்டார். இடித்துவிட்டோம் என்றேன். "தொண்ணூறு சதுர அடியை யாராவது இடிப்பாங்களா? இந்த ஏரியாவுல?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார். என் நாத்தனாரும் இதையே கேட்டார். அலுவலகத் தோழியும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பதில் சொல்கிறேன். எதுவும் முழுப் பதிலாக இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில், 1988இல் கட்டிய எட்டு வீட்டு அடுக்ககத்தின் தரைத்தளம். தூண்களை எழுப்பிக் கீழே கார் விடும் வழக்கம் அப்போது இவ்வளவு பரவவில்லை. அதனால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தரையிலேயே இரண்டு வீடுகள். எங்களுடையது பின்வீடு. 2020இல் இதை வாங்கியதற்கு ஒரே காரணம், கிழக்குப் பக்கம் 10 அடி அகலமும் 38 அடி நீளமுமாகக் கிடந்த திறந்தவெளி. வீடு பார்க்க வந்த அன்று அங்கே நின்றுகொண்டு, இங்கே ஒரு நந்தியாவட்டை, அங்கே இரண்டு வாழை என்று மனதுக்குள் நட்டுவிட்டேன். குடிவந்த பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்துக்குப் போக வழியே இல்லை. வாசல் கதவைத் திறந்து, செருப்பு மாட்டி, பக்கவாட்டுச் சந்தில் மீட்டர் பெட்டியையும் மோட்டார் அறையையும் தாண்டிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டு வாரத்தில் போவதே நின்றுபோனது. தோட்டம் வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. நாங்களோ பகல் பதினொரு மணிக்குப் படுக்கையறையில் டியூப்லைட் போட்டுக்கொண்டிருந்தோம்.

காரணம் அந்த அறை. எங்களுக்கு முன் இருந்தவர் சமையலறைப் பின்கதவுக்கு வெளியே, 9 அடிக்கு 10 அடி, செங்கல் சுவர் எழுப்பி மேலே சிமென்ட் ஷீட் போட்டிருந்தார். முதலில் கட்டியவர் விட்டிருந்த பின்கதவு அப்படி ஒரு சாமான் அறைக்கான கதவாகிவிட்டது. பின் படுக்கையறையின் ஜன்னலும் அந்த அறைக்குள்தான் திறந்தது. கடற்காற்று கிழக்கிலிருந்து வரும் ஊர் இது. கோடையில் நடுப்பகலை ஒட்டி அது வந்துவிட்டால் அன்றைக்குப் பிழைத்தோம். மேல்காற்று அதைத் தடுத்து நிறுத்தும் நாள்களில்தான் வெயில் நாற்பதைத் தாண்டுகிறது. அந்தக் காற்று எங்கள் சுவர்வரை வந்து ஷீட்டில் முட்டித் திரும்பிப் போனது. ஷீட்டின் சூடு மட்டும் ஜன்னல் வழியாக இரவெல்லாம் உள்ளே வந்தது.

எல்லோரும்தான் கட்டியிருக்கிறார்கள்

இதற்கெல்லாம் நான் கண்டுபிடித்த தீர்வு, அந்த அறையை இன்னும் பெரிதாக்குவது. இப்போது எழுதும்போது விசித்திரமாகத் தெரிகிறது. அப்போது அதுதான் இயல்பாகத் தோன்றியது. தோட்டத்தோடு வீட்டைச் சேர்ப்பது என்றால் வீடு தோட்டத்துக்குள் போக வேண்டும், இல்லையா? 2022இல் அம்மா தவறிய பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். இடமும் தேவைப்பட்டது. ஒரு கட்டடக் கலைஞரைப் பிடித்தோம். அறையை 18 அடிக்கு நீட்டி, ஷீட்டை எடுத்துவிட்டுச் சூடு தாங்கும் கூரை போட்டு, மிச்சத் தோட்டத்தைப் பார்த்த பக்கம் முழுக்க மடிப்புக் கண்ணாடிக் கதவுகள் வைப்பதாக அழகாக வரைந்து கொடுத்தார். அந்தப் படத்தில் ஒரு பெண் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆறரை லட்சம் ஆகும் என்றார். முன்பணமும் கொடுத்தோம்.

அனுமதி பற்றிக் கேட்காமல் இல்லை. கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய காலி இடம் அது, அதில் கட்டக்கூடாது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் தெரியாதவர் யார்? ஒருநாள் மொட்டைமாடியில் வடாம் காயவைக்கப் போனபோது சுற்றிலும் பார்த்தேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே மண் தெரிந்த இடம் ஒன்றுகூட இல்லை. ஷீட், தகரம், பச்சை ஃபைபர், ஓடு, தார்ப்பாய். எல்லோரும்தான் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வாங்கிய பத்திரத்தை அப்பாதான் எடுத்துப் படித்தார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க மாட்டார். சொத்து விவரத்தில் மொத்த மனையின் அளவு இருந்தது, அதில் எட்டில் ஒரு பங்கு பிரிக்கப்படாத பாகம் எங்களுக்கு என்று இருந்தது, வீட்டின் சதுர அடி இருந்தது. "இதுல தோட்டம் எங்கம்மா வருது?" என்று கேட்டார். விற்றவர் வாய்வார்த்தையாக, "பின்னாடி முழுக்க நம்ம யூஸ்தான்" என்று சொன்னதைச் சொன்னேன். அப்பா பதில் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார். பிரிக்கப்படாத பாகம் என்றால் இந்த மண்ணில் எந்த ஒரு பிடியைக் காட்டியும் இது என்னுடையது என்று சொல்ல முடியாது. எந்தப் பிடியைக் காட்டியும் இதில் எனக்குப் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது. யூடிஎஸ், யூடிஎஸ் என்று வங்கிக் கடனுக்காகப் பத்து முறை சொன்ன சொல்லின் பொருளை அன்றுதான் யோசித்தேன். யோசித்துவிட்டு, சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டும்விட்டேன். மழை முடிந்து ஜனவரியில் வேலை ஆரம்பிப்பதாக இருந்தது.

மூடி எங்கே?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் தண்ணீர் நின்றது, மின்சாரம் போனது, எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அதற்கடுத்த வாரம், எல்லாம் வடிந்து ஊர் மறுபடி நடமாட ஆரம்பித்த பிறகு, ஒரு காலையில் அப்பாவின் குளியலறைத் தரைத்துளையிலிருந்து கறுப்பாகக் கழிவுநீர் மேலே வந்தது. நாங்கள் துடைக்கத் துடைக்க வந்தது. மாடியில் யாரோ குளிக்கிறார்கள், அது எங்கள் வீட்டில் வெளியேறுகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. குழாய் வரிசையில் கடைசியாக, எல்லோருக்கும் கீழே இருப்பது நாங்கள்தானே. புயலில் மண்ணும் குப்பையும் உள்ளே போய் எங்கோ அடைத்திருக்கிறது.

பிளம்பர் வந்தார். "சேம்பர் மூடி எங்க மேடம்?" என்று கேட்டார். கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டியின் மூடி. வீட்டைச் சுற்றி வந்தார். முன்பக்கம் ஒன்று இருந்தது, அது சரியாக ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கக் குழாய்கள் மூன்றும் இறங்குகிற இடத்தில் இன்னொன்று இருக்க வேண்டும், காணோம். கடைசியில் எங்கள் காவலாளி, கொஞ்சம் தயங்கி, "அது உங்க ரூமுக்குள்ளதாம்மா இருக்கு. டைல்ஸுக்கு அடியில" என்றார்.

எனக்கு அது புதிய செய்தி இல்லை. எழுதவே கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். கட்டடக் கலைஞர் கொடுத்த படத்தில் புள்ளிக்கோட்டில் ஒரு சிறிய சதுரம் இருந்தது. இது என்ன என்று கேட்டிருந்தேன். கழிவுநீர்த் தொட்டி மூடி, மேலே டைல் பதித்த மூடியாகப் போட்டுவிடலாம், கண்ணுக்கே தெரியாது என்றார். சரி என்றேன். பிரம்பு நாற்காலி போடுகிற இடத்துக்கு இரண்டடி தள்ளி அது இருந்தது.

அன்று அந்த அறையிலிருந்த சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தோம். பழைய கட்டில், அம்மாவின் தையல் இயந்திரம், பழைய செய்தித்தாள் கட்டுகள், நாலு பெட்டி. டைலைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஓசை மாறுகிற இடத்தில் உடைத்தார்கள். கான்கிரீட் அடுக்கை உடைக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. இருட்டிவிட்டதால் அடைப்பெடுக்கும் கம்பி விட முடியாமல் மறுநாளைக்குப் போனது. இரண்டு நாள், பின்பக்க வரிசையில் இருக்கும் மூன்று மாடி வீடுகளும் தண்ணீர் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டோம்.

இரண்டாவது மாடியில் டீச்சர் இருக்கிறார். பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயது, தனியாக இருக்கிறார். இந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து இருப்பவர் அவர் ஒருவர்தான். லிஃப்ட் கிடையாது. அந்த இரண்டு நாளும் அவர் ஒரு வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, முன்வரிசையில் இருக்கும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். இரண்டாம் நாள் காலை, நான் அறைவாசலில் முகமூடி கட்டிக்கொண்டு நின்றபோது மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார். உடைந்த தரையையும் குழியையும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுத் தண்ணியால உனக்கு எவ்வளவு கஷ்டம், பாரு. மன்னிச்சிக்கோ" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் மனதாரத்தான் அப்படிச் சொன்னார். அவருக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை. முப்பத்தைந்து வருடமாக அவர் வீட்டுத் தண்ணீர் போகிற வழியின்மேல் வேறொருவர் அறை கட்டினார். அதை இன்னும் பெரிதாகக் கட்ட நான் முன்பணம் கொடுத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டது அவர். "டீச்சர், நீங்க எதுக்கு..." என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல் குழிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "இங்கதான் கொடி கட்டியிருப்போம். ஒன்பது மணிக்கெல்லாம் நல்ல வெயில் விழும். போர்வைகூட மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஒரு ஊரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அப்பா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடைப்பு எடுத்து, தண்ணீர் சலசலவென்று ஓடுகிற சத்தம் கேட்டதும் பிளம்பர், "மூடிட்டு டைல்ஸ் போட்டுடலாமா?" என்று கேட்டார். வேண்டாம், மூடி தெரியட்டும் என்றேன். அப்போது எனக்கு வேறு முடிவு எதுவும் இல்லை. அந்த மூடி தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஏழு அங்குலம்

வீட்டில் சண்டை இரண்டு வாரம் நடந்தது. என் கணவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. விற்கும்போது அந்த அறைக்கும் விலை உண்டு, நாம் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்து வாங்கினோம், மூடியைத் திறக்க வசதி செய்துவிட்டு அறையை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்றார். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். மூடிமேல் நாற்காலி போட்டு உட்கார முடியுமா என்று நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் அவர் ஒத்துக்கொண்டதற்கு டீச்சர் காரணம் இல்லை, காற்று காரணம். ஷீட்டை மட்டும் முதலில் கழற்றிப் பார்ப்போம் என்று ஒரு பேச்சுக்கு இறங்கி வந்தார். சிமென்ட் ஷீட்டை உடைத்தால் கல்நார்த் தூசி பறக்கும், நுரையீரலுக்குக் கேடு. அதனால் நன்றாகத் தண்ணீர் அடித்து நனைத்து, கொக்கி போல்ட்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் உடையாமல் முழுதாக இறக்கினார்கள். அன்று மதியம் பின் படுக்கையறை ஜன்னல் திரை உள்ளே பறந்தது. நாலு வருடத்தில் முதல் முறை. அப்பா கட்டிலில் படுத்தபடி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அறையைப் பற்றி வீட்டில் பேச்சு இல்லை.

அடுத்த வாரம் சுவர்களை இடித்தோம். உடையாத செங்கற்களைச் சுத்தம் செய்து அடுக்கி வைத்தோம். மிச்சம் குட்டியானையில் நாலு நடை போனது. பின்கட்டு முழுக்கப் போட்டிருந்த தளத்தையும் எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி கடப்பாரை போட்டபோதுதான் இந்தக் கட்டடத்தின் வரலாறு வெளியே வந்தது. மேலே பேவர் பிளாக். அதற்கு அடியில் ஒரு மணல் படுகை. அதற்கும் அடியில் முழுக்கக் கான்கிரீட். தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேல்மேலாகத் தார் போட்டுச் சாலை ஏற ஏற, உள்ளே தண்ணீர் வருகிறது என்று இவர்களும் தளத்தை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மொத்தம் ஏழு அங்குலம். அந்த ஏழு அங்குலம்தான் எங்கள் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்த ஓதத்துக்கும் காரணம் என்று அப்பா காட்டினார். வீட்டுத் தரைக்கும் வெளித்தளத்துக்கும் நடுவே மிஞ்சியிருந்ததே ஏழு அங்குலம்தான். மழை தளத்தில் பட்டுத் தெறித்துச் சுவரை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு முறை சுவரைச் சுரண்டி, ஈரம் தடுக்கும் பூச்சு அடித்து, பணத்தை விட்டிருந்தோம். கீழே இருந்த கான்கிரீட்டையும் எடுத்ததும், மஞ்சள் கலந்த வெள்ளை மணல் வந்தது. கடற்கரை மணல். கையில் எடுத்தால் விரலிடுக்கில் ஓடியது. டீச்சர் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அதேதான்! அதே மணல்தான்!" என்று மேலிருந்து கத்தினார்.

இப்போது தரைக்கும் மண்ணுக்கும் பதினாலு அங்குலம் வித்தியாசம். அப்பா ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கையில் கொடுத்து, மூலைக்கு மூலை மட்டம் பார்த்தார். மேஸ்திரி லேசர் கருவி வைத்திருந்தார். இரண்டும் ஒன்றாக வந்தபோது அப்பா முகத்தில் இருந்த மகிழ்ச்சியை இப்போதும் மறக்க முடியவில்லை. அம்மா போன பிறகு அவர் ஒரு வேலையில் முழுதாக இறங்கியது அன்றுதான்.

கதவு வைத்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். சமையலறைப் பின்கதவு மறுபடி வெளியே திறந்தது, ஆனால் அது இரண்டரை அடி, பாத்திரம் துலக்கும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும், தரை எப்போதும் ஈரம். அப்பா அந்த வழியாகப் போவதில் எனக்கு விருப்பம் இல்லை. அவர் அறையின் ஜன்னலையே கதவாக்கினோம். ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் ஏற்கெனவே கதவு உயரத்தில், ஏழு அடியில், இருந்தது. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதைத் தொடாமல், அகலத்தையும் கூட்டாமல், ஜன்னலுக்குக் கீழே இருக்கிற சுவரை மட்டும் எடுத்தால் மேலே இருக்கிற பாரம் போகிற வழி மாறாது. இருந்தாலும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் தொட்டோம். மேலே ஆறு குடும்பங்கள் இருக்கின்றன. சம்மட்டியால் அடிக்காமல், முதலில் இரண்டு பக்கமும் இயந்திரத்தால் நேர்கோட்டில் அறுத்து, பிறகு மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தார்கள். நாலடி அகலம். பழைய கட்டடங்களை இடித்த மரம் விற்கும் கடையில், இரட்டைக் கதவாக ஒரு தேக்கு நிலை கிடைத்தது. பித்தளைக் கொண்டியும் அதோடு வந்தது. வெளியே மடிப்புக் கிரில், உள்ளே கொசுவலைக் கதவு. கொசுவலை இல்லாமல் சென்னையில் தோட்டத்துக்குக் கதவு வைப்பது நடக்காத காரியம்.

பதினாலு அங்குலத்தை இரண்டு உயரமான படியாகக் கட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. அப்பா மூட்டைத் தொட்டுக் காட்டி, மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்: ஐந்து, ஐந்து, நாலு. முதல் படியைப் படியாக இல்லாமல் மூன்றடி அகலமான மேடையாக, வீட்டுச் சுவரின் நீளத்துக்கு இழுத்துவிட்டோம், சுவரை ஒட்டாமல் நாலு அங்குலம் இடைவெளி விட்டு, அதில் ஜல்லி நிரப்பி. இடித்த அறையின் செங்கல்தான் அதற்குப் போனது. திண்ணை கட்ட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அப்பாவின் மூட்டுக்குச் சரியாக வர வேண்டும் என்று கட்டியது, அளவு திண்ணையாக வந்துவிட்டது.

பல வருடம் முன்பு கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். ஒரு சந்தில் வரிசையாக இருந்த நாலு சிறிய வீடுகளைப் பத்து வருடம் போல ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக இணைத்தவர் அவர். உள்ளே நடக்கும்போது திடீர் திடீரென்று மேலே திறந்த ஒரு சிறிய இடம், ஒரு செடி, வெள்ளைச் சுவரில் இறங்குகிற வெளிச்சம். அவ்வளவு நெருக்கமான மனையில் ஒவ்வொரு அடியையும் மூடிக்கொள்ளாமல் இவ்வளவு இடத்தைத் திறந்து விட எப்படி மனம் வந்தது என்று அன்று வியந்தேன். எங்கள் படம் வரையும்போது இந்த வீடு ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. மணலைப் பார்த்த அன்றுதான் வந்தது.

கூட்டம்

இடிப்பதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. இடித்த பிறகுதான் பிரச்சினை வந்தது. பொது இடத்தில் செடி வைப்பதற்கும், அதை நோக்கி எங்கள் வீட்டிலிருந்து கதவு திறப்பதற்கும் சங்கத்திடம் எழுதிக் கேட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூட்டம். முதல் மாடியில் இருப்பவர், "இவ்வளவு இடம் காலியாயிடுச்சுல்ல, நாலு டூவீலர் நிறுத்தலாமே" என்றார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது. தெருவில் நிறுத்திய அவருடைய வண்டியை இரண்டு முறை இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னொருவர் இலைக்குப்பை, கொசு, பாம்பு என்று வரிசையாகச் சொன்னார். நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு எதுவும் எடுபடவில்லை.

அப்பா சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்தார். இந்த ஊரில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். பின்கட்டு 35 சதுர மீட்டர். பெருக்கினால் 49,000 லிட்டர். "நாலு லாரித் தண்ணி. இது வெறும் மண்ணுல நேரா விழற மழை மட்டும்தான். மாடித் தண்ணிய இங்க திருப்பிவிட்டா இன்னும் எத்தனையோ மடங்கு" என்றார். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது இந்தக் கட்டடத்திலும் ஒரு குழி தோண்டியிருந்தார்கள். அது பேவர் பிளாக்குக்கு அடியில் இருபது வருடம் தூர்ந்து கிடந்ததை நாங்கள் தளம் எடுத்தபோதுதான் பார்த்தோம். 2019 கோடையில் போர் வற்றி, ஒரு லாரிக்காக வாரக்கணக்கில் காத்திருந்ததை அந்த மாடியில் இருந்த யாரும் மறக்கவில்லை. கூட்டம் கொஞ்சம் அடங்கியது. டூவீலருக்கு முன்பக்கம் மோட்டார் அறையை ஒட்டி இரண்டு வண்டி அளவுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பது, தூர்ந்த குழியை எங்கள் செலவில் தூர்வாரி மாடிக் குழாயை இணைப்பது, பக்கவாட்டுச் சந்துக் கதவைப் பூட்டக் கூடாது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம், செடியைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். டீச்சர் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். கொடிக்கு இரண்டு கொக்கி.

தனிமையை இழந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவின் அறைக்குள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாதிக் கதவுக்குத் திரை போட்டிருக்கிறோம், மீதியைப் பழகிக்கொண்டோம். சில காலைகளில் முகம் கழுவாமல் வெளியே வந்தால் யாராவது துணி உலர்த்திக்கொண்டிருப்பார்கள். என் பெயரில் ஒரு தோட்டம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அது கிடைக்கவில்லை. சில நாள் அது உறுத்தத்தான் செய்கிறது. நான் வைத்த செம்பருத்தியை யாரோ ஒரு பிள்ளை ஒடித்துப் போட்டபோது அழுகை வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வெறும் மணலில் எதுவும் நிற்காது. செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து, எட்டு வீட்டு இலைதழைக் குப்பையும் போட்டு ஒரு வருடத்தில்தான் மண் கறுக்க ஆரம்பித்தது. நந்தியாவட்டை, மருதாணி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி வைத்திருக்கிறோம். பாத்திரம் துலக்கும் தண்ணீர் போகிற இடத்தில் கல்வாழையும் இரண்டு வாழையும். முருங்கை கேட்டார்கள், மாட்டேன் என்றேன்; அதன் கிளை பலம் இல்லாதது, கம்பளிப்பூச்சி மாடி வரைக்கும் ஏறும். குழாய்களுக்குப் பக்கத்தில் அரசு, ஆல் எதுவும் முளைத்தால் அன்றைக்கே பிடுங்கிவிடுகிறோம். சேம்பர் மூடி வெளியில், செங்கல் வரம்பு கட்டி, சுற்றிலும் ஓரடி காலியாக இருக்கிறது.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று காலையிலிருந்து இரவுவரை விடவில்லை. தெருவில் கணுக்கால் அளவு. அப்பா குடையும் டார்ச்சுமாக மேடையில் நின்றுகொண்டு, "உள்ள போகுது, உள்ள போகுது" என்று ஒவ்வொரு மணிக்கும் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். மணல் குடித்துக்கொண்டே இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் மாடியிலிருந்து டீச்சர் கைபேசியில் கூப்பிட்டார். "மூடி தெரியுதா?" என்றார். கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தெரிந்தது. "தெரியுது டீச்சர்" என்றேன். "அப்ப நான் குளிச்சுட்டுப் படுக்கறேன்" என்று வைத்துவிட்டார்.